'டிஸ்டர்ப்' என்ற ஆங்கில வினைச்சொல்லும் அதன் இத்தாலியப் பெயர்ப்புகளும்

'டிஸ்டர்ப் பண்ணாதீங்க' என்று நாம் பேச்சில் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டாலும், எழுதும்போது அந்த ஒரே ஆங்கில வினை நம்மிடம் பல சொற்களாகப் பிரிந்துவிடுகிறது. தூக்கத்தைக் கலைத்தான் என்கிறோம். செய்தி மனத்தைக் கலக்கியது என்கிறோம். கூட்டத்துக்கு இடையூறு செய்தார்கள், பக்கத்து வீட்டுச் சத்தம் தொல்லையாக இருக்கிறது, உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டேன் என்றெல்லாம் சொல்கிறோம். இந்த ஐந்து வாக்கியங்களையும் ஆங்கிலத்தில் 'டிஸ்டர்ப்' என்ற ஒரே வினையைக் கொண்டு ஓரளவுக்குச் சொல்லிவிட முடியும். இத்தாலிய மொழியிலும் அதே வேரிலிருந்து வந்த 'திஸ்துர்பாரே' என்ற வினை இருக்கிறது. ஆங்கிலத்தின் வழியாக இத்தாலியம் கற்பவர் ஐந்து இடங்களிலும் அதையே வைத்து எழுதிவிட்டு, தாம் எழுதியது ஏன் சில இடங்களில் மட்டும் இயல்பாகவும் மற்ற இடங்களில் சற்று விறைப்பாகவும் ஒலிக்கிறது என்று விளங்காமல் நிற்கிறார். தமிழ் பிரிப்பதைப் போலவே இத்தாலியமும் பிரிக்கிறது என்பதுதான் காரணம். ஆகவே ஆங்கிலச் சொல்லிலிருந்து நேராகத் தாவாமல், 'இதைத் தமிழில் எப்படிச் சொல்வேன்?' என்று முதலில் கேட்டுக்கொள்பவருக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

வேரிலிருந்து தொடங்குவோம். இலத்தீனில் 'துர்பா' என்றால் கூச்சலிடும் கும்பல், அமளி. அதிலிருந்து வந்த 'துர்பாரே' என்ற வினை அமளி உண்டாக்குவதை, ஒழுங்காக இருந்த ஒன்றைக் குலைப்பதை, தெளிந்திருந்த நீரைக் கலக்குவதைக் குறித்தது. அதன் முன்னே 'திஸ்' என்ற முன்னொட்டு சேர்ந்தபோது, குலைத்துச் சிதறடிப்பது என்று பொருள் வலுப்பெற்றது. இந்தச் சொல் பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக இடைக்கால ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. இத்தாலியத்திலோ இலத்தீன் வடிவம் ஏறத்தாழ அப்படியே தங்கிவிட்டது. விமானத்தில் பறப்போர் அஞ்சும் 'டர்புலன்ஸ்', அன்றாட ஆங்கிலத்தின் 'டிரபிள்' ஆகிய இரண்டும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

தமிழ் வாசகரைப் பொறுத்தவரை இந்த வேரில் இருக்கும் நீரின் படிமம்தான் நெஞ்சில் நிற்க வேண்டியது. இத்தாலியத்தில் கலங்கல் நீரை 'தோர்பிதோ' என்ற பெயரடையால் குறிப்பார்கள். அதுவும் இந்த வேரிலிருந்து பிறந்ததே. பிறருடைய குழப்பத்தில் ஆதாயம் தேடுகிறவனைப் பற்றி 'பெஸ்காரே நெல் தோர்பிதோ' என்பார்கள். அதாவது கலங்கிய நீரில் மீன் பிடிப்பது. குழம்பிய குட்டையில் மீன் பிடிக்கிறவனை நாமும் நன்றாக அறிவோம். நீர் கலங்குகிறது, கண் கலங்குகிறது, மனம் கலங்குகிறது, வயிற்றைக் கலக்குகிறது என்று நாம் ஒரே வினையை நீரிலிருந்து உடலுக்கும் உள்ளத்துக்கும் எடுத்துச் செல்வதைப் போலவே, இலத்தீன்காரர்களும் 'துர்பாரே'யை எடுத்துச் சென்றார்கள். அதனால் அடியாழத்தில் 'டிஸ்டர்ப்' என்பதற்கு மிக நெருங்கிய தமிழ் வினை, அகராதிகள் முதலில் தரும் 'தொந்தரவு செய்' அன்று, 'கலக்கு' என்பதே என்று நான் கருதுகிறேன்.

ஆங்கில வினை இன்று வழங்கும் பொருள்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஒருவர் செய்துகொண்டிருக்கும் செயலையோ அவருடைய ஓய்வையோ தடைப்படுத்துவது முதற்பொருள். இருந்த இடத்தில் இருந்த ஒன்றை அசைத்து ஒழுங்கு குலைப்பது அடுத்தது. மேசையிலுள்ள தாள்களைத் தொடாதே, பறவையின் கூட்டைக் கலைக்காதே என்பவை இதில் அடங்கும். மனத்தின் அமைதியைக் கெடுத்துக் கவலையோ அச்சமோ உண்டாக்குவது மற்றொன்று. இவற்றோடு, பொது அமைதியைக் குலைப்பது என்ற சட்டப் பொருளும் உண்டு. இந்த நான்கையும் ஒரே சொல் சுமப்பதால், ஆங்கிலத்தில் எந்தப் பொருள் என்பதைச் சூழ்நிலைதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இத்தாலிய 'திஸ்துர்பாரே' இவற்றுள் முதற்பொருளைத்தான் முழுமையாகத் தன்வசம் வைத்திருக்கிறது. ஒருவருடைய வேலையில், உரையாடலில், உறக்கத்தில் குறுக்கிடுவது என்பதே அதன் உள்ளீடு. விடுதி அறைக் கதவில் தொங்கும் அட்டையில் 'நொன் திஸ்துர்பாரே' என்றோ, இன்னும் பணிவாக 'ஸி ப்ரேகா தி நொன் திஸ்துர்பாரே' என்றோ அச்சிட்டிருப்பார்கள். பின்னதன் பொருள் 'தொந்தரவு செய்யாதிருக்குமாறு வேண்டுகிறோம்' என்பது. இங்கே ஓர் இலக்கணச் செய்தியும் உண்டு. இத்தாலியத்தில் பொதுமக்களை நோக்கிய அறிவிப்புகளுக்கு, நம் 'செய்ய' என்பதைப் போன்ற வினையெச்ச வடிவத்தையே ஏவலாகப் பயன்படுத்துவார்கள். 'நீ' என்று அழைக்கும் ஒருவரிடம் 'செய்யாதே' என்று சொல்லும்போதும் அதே வடிவந்தான் வரும். ஆகவே கதவு அட்டையில் உள்ள அதே தொடரை ஒரு தாய் தன் மகனிடமும் சொல்லலாம். மரியாதைக்குரிய ஒருவரிடம் சொல்வதானால் 'நொன் திஸ்தூர்பி' என்றும், பலரிடம் சொல்வதானால் 'நொன் திஸ்துர்பாதே' என்றும் மாறும்.

உச்சரிப்பில் தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலச் சொல்லை எழுதும்போது நாம் 'ட' போடுகிறோம். இத்தாலியச் சொல்லுக்கு அது பொருந்தாது. இத்தாலியர் நாவை மேற்பல்லில் வைத்தே இவ்வொலிகளைப் பிறப்பிக்கிறார்கள் என்பதால் நம் 'த'வே அவற்றுக்கு உரியது. முதலில் வரும் 'த' தயவு என்பதில் உள்ளதைப் போல மெல்லவும், இரண்டாவது தமிழ் என்பதில் உள்ளதைப் போல வல்லெனவும் ஒலிக்கும். 'ப' பயம் என்பதன் முதலெழுத்தைப் போல வரும். அழுத்தம் விழும் இடம் மாறிக்கொண்டே இருப்பதைக் கவனிக்க வேண்டும். வினையெச்சமான 'திஸ்துர்பாரே'யில் அழுத்தம் 'பா'வின் மேல் விழுகிறது. 'நான் தொந்தரவு செய்கிறேன்' என்னும் 'திஸ்தூர்போ'வில் அது 'தூர்' மேல் ஏறிவிடுகிறது. 'அவர்கள் தொந்தரவு செய்கிறார்கள்' என்னும் 'திஸ்தூர்பனோ'விலும் அங்கேயே நிற்கிறது. புதிதாகக் கற்பவர்கள் இதை 'திஸ்துர்பானோ' என்று இழுத்துவிடுவது வழக்கம். மற்றபடி இது 'ஆரே' என்று முடியும் வினைகளின் ஒழுங்கான வாய்பாட்டைப் பின்பற்றுவது. இறந்த காலத்துக்கு 'ஓ திஸ்துர்பாதோ' என்றால் 'தொந்தரவு செய்தேன்' என்றாகும்.

இந்த வினை உண்மையில் உயிரோடு உலவுவது உபசாரப் பேச்சில். அங்கே சற்று நின்று பார்ப்பது பயன் தரும். அலுவலக அறையின் கதவைத் தட்டித் தலையை நீட்டும் ஒருவர் 'திஸ்தூர்போ?' என்று ஒரே சொல்லில் கேட்பார். 'நான் இப்போது வந்தது இடைஞ்சலாக இருக்கிறதா?' என்று அதை விரிக்கலாம். தொலைபேசியில் நண்பரை அழைத்தவுடன் 'தி திஸ்தூர்போ?' என்று கேட்பது வழக்கம்; அறிமுகமில்லாதவரிடமோ மூத்தவரிடமோ 'மி ஸ்கூஸி ஸெ லா திஸ்தூர்போ' என்று தொடங்குவார்கள். 'தங்களைத் தொந்தரவு செய்வதற்கு மன்னியுங்கள்' என்பது அதன் பொருள். ஒருவர் காப்பி போட எழுந்தால் விருந்தினர் 'நொன் ஸி திஸ்தூர்பி' என்று தடுப்பார். இங்கே வினை தற்சுட்டாக, அதாவது செய்பவரையே சுட்டுவதாக, மாறி 'சிரமப்படாதீர்கள்' என்றாகிவிடுகிறது. அதற்கு வீட்டுக்காரர் 'நெஸ்ஸுன் திஸ்தூர்போ', ஒரு சிரமமும் இல்லை, என்று மறுமொழி சொல்வார். கையில் பரிசோடு வருபவரிடம் 'நொன் தொவேவா திஸ்துர்பார்ஸி' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'நீங்கள் சிரமப்பட்டிருக்கக் கூடாது' என்று வரும். நம் வீடுகளில் அந்த இடத்தில் ஒலிப்பது 'இதெல்லாம் எதற்கு?' என்பதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது விடைபெறும் தொடர். 'தோல்கோ இல் திஸ்தூர்போ' என்று சொல்லிக்கொண்டு இத்தாலியர் எழுந்திருப்பார். 'தொந்தரவை அகற்றுகிறேன்' என்பது நேர்ப்பொருள். தன்னையே ஒரு தொந்தரவாக வைத்து, அதை எடுத்துக்கொண்டு போவதாகச் சொல்கிறார். இதைப் பணிவாகவும் சொல்லலாம், வேண்டாத விருந்தாளி என்று உணர்ந்தபின் சற்றே குத்தலாகவும் சொல்லலாம். எந்தத் தொனியில் சொல்லப்பட்டது என்பதை முகத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

இனி மனத்துக்கு வருவோம். 'அந்தச் செய்தி என்னைக் கலக்கிவிட்டது' என்பதற்கு இத்தாலியர் 'திஸ்துர்பாரே'யை எடுப்பதில்லை. முன்னொட்டு இல்லாத பழைய 'துர்பாரே'யையே எடுக்கிறார்கள். 'லா நொதீத்ஸியா மி ஆ துர்பாதோ' என்றால் செய்தி என் உள்ளத்தைக் கலங்கச் செய்தது என்று பொருள். இதே இடத்தில் 'திஸ்துர்பாதோ' என்று எழுதினால், செய்தி ஏதோ கதவைத் தட்டி வந்து என் வேலையைக் கெடுத்தது போன்ற தோற்றம் வந்துவிடும். கோரமான காட்சிகளை ஒளிபரப்புமுன் இத்தாலியத் தொலைக்காட்சிகள், இவை பார்வையாளரின் மென்னுணர்வைப் பாதிக்கக்கூடும் என்று எச்சரிக்கும்போதும் 'துர்பாரே' வருவதைக் கேட்கலாம். கலக்கம் மிகக் கடுமையாகி ஆளையே புரட்டிப்போடுவதானால் 'ஸ்கொன்வோல்ஜெரே' என்ற வேறொரு வினை தேவைப்படுகிறது. நிலநடுக்கத்தில் உறவுகளை இழந்தவரின் நிலைக்கு 'துர்பாரே' போதாது. தூக்கத்தைக் கலைப்பது வேறு, மனத்தைக் கலக்குவது வேறு என்று தமிழ் பிரித்து வைத்திருப்பது இங்கே அப்படியே கைகொடுக்கிறது. 'கலை' என்று தமிழில் வரும் இடங்களில் பெரும்பாலும் 'திஸ்துர்பாரே', 'கலக்கு' என்று வரும் இடங்களில் 'துர்பாரே' என்று தொடக்கத்தில் வைத்துக்கொண்டால் அதிகம் பிழைபடாது.

இதே குடும்பத்தின் மூன்றாவது உறுப்பினரான 'பெர்துர்பாரே' அன்றாடப் பேச்சில் அரிது. ஆனால் அதன் பெயர்ச்சொல்லான 'பெர்துர்பத்ஸியோனே' வானிலை அறிக்கைகளில் தவறாமல் வரும். அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து மழை மேகங்களோடு தீபகற்பத்தை நோக்கி வரும் வானிலைக் குலைவை அப்படிச் சொல்கிறார்கள்.

ஆங்கிலம் வழியாகக் கற்பவர் பெரும்பாலும் கோட்டைவிடும் தொடர் ஒன்று இருக்கிறது. அது 'தாரே ஃபஸ்தீதியோ'. 'ஃபஸ்தீதியோ' என்றால் எரிச்சல், தொல்லை. 'தாரே' என்றால் தருதல். நம் 'தா'வை நினைவூட்டும் அந்த ஒலியொற்றுமை தற்செயலானதுதான், ஆனாலும் நினைவில் வைக்க உதவும். பக்கத்து வீட்டுச் சத்தம் தொல்லை தருகிறது என்பதற்கு 'இல் ருமோரே மி தா ஃபஸ்தீதியோ' என்று சொல்வதே இயல்பு. சன்னலைத் திறக்கலாமா என்று கேட்பதற்கும் 'லே தா ஃபஸ்தீதியோ ஸெ ஆப்ரோ லா ஃபினெஸ்த்ரா?' என்பார்கள், சன்னலைத் திறந்தால் உங்களுக்குச் சங்கடமாக இருக்குமா என்பது பொருள். பேச்சில் இந்தத் தொடர் 'திஸ்துர்பாரே'யைவிட நெருக்கமானது. வெயில் கண்ணில் படுவது, காலணி கடிப்பது, புகை மூக்கில் ஏறுவது எல்லாம் 'ஃபஸ்தீதியோ'வுக்குள் அடங்கிவிடும். ஆங்கிலத்தில் ஒலியளவில் இதற்கு உறவாக இருக்கும் 'ஃபாஸ்டிடியஸ்' என்ற பெயரடை எளிதில் திருப்திப்படாதவரைக் குறிப்பது. இரண்டும் ஒரே இலத்தீன் சொல்லிலிருந்து வந்தாலும் பொருளில் வெகுதூரம் விலகிவிட்டன.

இந்த இடத்தில் வேற்றுமையையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் இங்கே தமிழிலக்கணம் தெரிந்தவருக்கு ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரைவிடத் தெளிவு அதிகம். 'என்னைத் தொந்தரவு செய்கிறான்', 'எனக்குத் தொந்தரவு தருகிறான்' என்ற இரண்டையும் நாம் மயக்கமின்றி வேறுபடுத்துகிறோம். முன்னதில் இரண்டாம் வேற்றுமை, பின்னதில் நான்காம் வேற்றுமை. இத்தாலியத்திலும் அதே ஏற்பாடுதான். 'திஸ்துர்பாரே' நேர்ச் செயப்படுபொருளை ஏற்கிறது. 'தாரே ஃபஸ்தீதியோ' யாருக்கு என்பதை ஏற்கிறது. 'நான்' என்ற தன்மையிடத்தில் இரண்டுக்கும் 'மி' என்ற ஒரே வடிவம் வந்துவிடுவதால் வேறுபாடு மறைந்துகிடக்கும். மரியாதை முன்னிலையில் அது வெளிப்பட்டுவிடும்: 'லா திஸ்தூர்போ?' என்றால் 'தங்களை', 'லே தா ஃபஸ்தீதியோ?' என்றால் 'தங்களுக்கு'. பாடநூல்கள் இதை ஒரு பக்கத்துக்கு விளக்குகின்றன. தமிழருக்கு 'ஐ', 'கு' என்ற இரண்டு உருபுகளைச் சொன்னால் போதும். சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் ஈழத் தமிழர்கள் பல்லாண்டுகளாகக் குடியிருக்கிறார்கள். தமிழ் வழியாக இத்தாலியம் கற்பது அங்கே அன்றாடத் தேவை.

'மொலெஸ்தாரே' என்ற வினையில் ஒரு பொறி இருக்கிறது. இதன் ஆங்கில உடன்பிறப்பான 'மொலெஸ்ட்' இன்று பெரும்பாலும் பாலியல் வன்செயலையே குறிக்கிறது. இத்தாலியத்தில் இதன் வீச்சு அகலமானது. விடாமல் மொய்க்கும் ஈயும் இரவெல்லாம் ரீங்கரிக்கும் கொசுவும் 'மொலெஸ்தோ' என்ற பெயரடைக்கு உரியவை. அதே சமயம் மனிதர் மனிதருக்குச் செய்யும் துன்புறுத்தலுக்கும், பாலியல் தொல்லைக்கும் அந்தச் சொல்தான் வழங்குகிறது. ஆகையால் இத்தாலியச் செய்தியில் இதைப் பார்த்தவுடன் ஆங்கிலப் பொருளை ஏற்றிவிடாமல், எதைப் பற்றிய செய்தி என்று பார்த்தபின் பெயர்க்க வேண்டும்.

'திஸ்துர்பாரே', 'மொலெஸ்தாரே' ஆகிய இரண்டின் பெயர்ச்சொற்களையும் சட்டம் அருகருகே வைத்திருக்கிறது. 1930-இல் வெளியான இத்தாலியத் தண்டனைச் சட்டத்தின் 659-ஆம் பிரிவின் தலைப்பு, மக்களின் பணிகளுக்கோ ஓய்வுக்கோ செய்யப்படும் 'திஸ்தூர்போ' என்பதாகும். கூச்சல், இரைச்சல், ஒலிக்கருவிகளை அளவுமீறிப் பயன்படுத்துதல், விலங்குகளின் சத்தத்தைத் தூண்டுதல் அல்லது தடுக்காதிருத்தல் ஆகியவற்றை அது பேசுகிறது. அடுத்த 660-ஆம் பிரிவு ஆட்களுக்கு இழைக்கப்படும் 'மொலெஸ்தியா' அல்லது 'திஸ்தூர்போ' பற்றியது. பொது இடத்திலோ தொலைபேசி வழியாகவோ ஒருவரை நச்சரிப்பது அதில் வரும். முன்னது பலரின் அமைதியைக் காப்பது, பின்னது தனி ஒருவரின் அமைதியைக் காப்பது. ஏலத்தில் கள்ளத்தனம் செய்து போட்டியைக் குலைப்பதற்கு மட்டும் இத்தாலியர் 'துர்பாரே'யின் வழிவந்த 'துர்பதீவா தாஸ்தா' என்ற பெயரை வைத்திருக்கிறார்கள். தெளிவாக ஓட வேண்டிய நீரில் யாரோ சேற்றைக் கிளறியதாக அதை எண்ணிப் பார்த்தால் சொல் மறக்காது.

'திஸ்தூர்போ' பெயர்ச்சொல்லாகும்போது மருத்துவத்துக்குள்ளும் நுழைகிறது. வயிற்றுக்கோளாறு, உறக்கக் கோளாறு, பதற்றக் கோளாறு என்று நாம் 'கோளாறு' போடும் இடங்களில் இத்தாலியர் இதைப் போடுகிறார்கள். பன்மையில் 'திஸ்தூர்பி' ஆகும். எழுத்துக்கூட்டிப் படிப்பதில் இடர்ப்படும் குழந்தைகள் போன்றோருக்குப் பள்ளியில் தனி ஏற்பாடுகளைச் செய்துதரும் 2010-ஆம் ஆண்டின் 170-ஆம் எண் சட்டமும், கற்றலில் உள்ள குறிப்பிட்ட 'திஸ்தூர்பி' என்றே அந்த இடர்ப்பாடுகளைக் குறிப்பிடுகிறது. இங்கே 'தொந்தரவு' என்று பெயர்த்தால் பிழை மட்டுமன்று, அந்தக் குழந்தைகளுக்கு அநீதியும் ஆகும். 'திஸ்தூர்பி' என்ற ஒரே வடிவம் 'கோளாறுகள்', 'நீ தொந்தரவு செய்கிறாய்', மரியாதை ஏவல் ஆகிய மூன்றுக்கும் பொதுவாக இருப்பதால், அகராதியைவிட வாக்கியத்தையே நம்ப வேண்டும்.

ஆங்கிலத்தில் 'டிஸ்டர்ப்' வந்தும் இத்தாலியர் இந்தக் குடும்பத்தையே தொடாத இடங்களும் சில உண்டு. மேசையிலுள்ள தாள்களைக் கலைக்காதே என்பதற்கு, இடம் மாற்றாதே என்னும் பொருளில் 'நொன் ஸ்போஸ்தாரே' என்றோ வெறுமனே தொடாதே என்றோ சொல்லிவிடுவார்கள். உயிரற்ற தாளுக்குத் தொந்தரவு உறைக்காது போலும். ஆனால் காட்டு விலங்குகளைக் கலைக்காதீர் என்ற அறிவிப்பில் 'திஸ்துர்பாரே' வரும். மனத்தில் ஏதோ நெருடலையும் இனம்புரியாத அச்சத்தையும் எழுப்பும் திரைப்படத்தை 'இன்க்வியெதாந்தே' என்பதே பழகிய வழக்கு. அமைதியைப் பறிப்பது என்று அதற்குப் பொருள். அண்மைக்காலமாக விமர்சகர்கள் சிலர் ஆங்கிலத்தைப் பார்த்து 'திஸ்துர்பாந்தே' என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். பிழை என்று தள்ள முடியாத அளவுக்கு அது பரவிவிட்டது என்றாலும், கற்பவர் முதலில் பழைய சொல்லில் கைதேர்வது நல்லது என்பது என் எண்ணம்.

உறங்கும் நாயைப் பற்றிய பழமொழியிலும் ஆங்கிலம் படித்தவர் 'திஸ்துர்பாரே'யை எதிர்பார்த்து ஏமாறுவார். இத்தாலியர் சொல்வது 'நொன் ஸ்வெல்யாரே இல் கான் கே தோர்மே', உறங்கும் நாயை எழுப்பாதே, என்பதுதான். அங்கே வினை எழுப்புவது, கலைப்பதன்று. இதைத் தமிழில் பெயர்க்கும்போது நாயை அப்படியே கொண்டுவர வேண்டிய கட்டாயமும் இல்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறான்.